வீட்டாரும் விருந்தாளிகளும்

தொண்டை நாட்டில் ஆறுகள் குறைவு, ஏரிகள் அதிகம். பாலாறு என்று ஒரு பெரிய ஆறு இருக்கிறது. ஆனால் வருஷத்தில் முக்கால் பங்கு நாள் அதில் பாலும் கிடையாது, நீரும் கிடையாது, மணல்தான் உண்டு. இதை நன்றாக அறிந்திருந்த நம் முன்னோர்கள், ஐப்பசி கார்த்திகையில் பெய்கிற மழையைக் கூடியவரையில் கடலுக்கு விடக் கூடாதென்று தீர்மானித்தார்கள். தாழ்ந்த நிலம் கண்ட இடமெல்லாம் கரை போட்டார்கள். ஓர் ஏரி நிரம்பினால் மிகுந்த நீர் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கும் அடுத்த ஏரிக்குப் போகும். செங்கற்பட்டுச் சீமைக்கு 'ஏரி மாவட்டம்' என்ற பெயர் வந்தது இப்படித்தான்.

இந்த ஏரிகளில் சின்னஞ்சிறியவற்றுக்குத் 'தாங்கல்' என்று பெயர். சென்னைவாசிகளில் ஆயிரக்கணக்கானவர்கள் தினந்தோறும் மின்சார ரயிலில் பழவந்தாங்கலைக் கடந்து போகிறார்கள். அந்தப் பெயரின் வாலில் ஓர் ஏரி ஒட்டிக்கொண்டிருப்பதை அவர்களில் எத்தனை பேர் கவனித்திருப்பார்களோ, தெரியாது! அப்படிப்பட்ட தாங்கல்களில் ஒன்றுதான் வேடந்தாங்கல். நீர்ப்பரப்பு 30 ஹெக்டேர். அதாவது சுமார் 74 ஏக்கர். பக்கத்திலுள்ள மதுராந்தகம் ஏரிக்கு முன்னால் இது ஒரு குட்டை மாதிரி. ஆனாலும் மதுராந்தகத்தின் பெயர் எட்டாத தூர தேசங்களுக்கெல்லாம் வேடந்தாங்கலின் பெயர் எட்டியிருக்கிறது. அந்தப் புகழைத் தேடிக் கொடுத்தவை பறவைகள்.

பெயரைப் பற்றி இன்னொரு விசேஷமும் உண்டு. வேடர்கள் வந்து தங்கிய இடமாதலால் இப்பெயர் வந்தது என்று சொல்வோர் உண்டு. அந்தக் காலத்துப் பெரிய மிராசுதார்களும் ஜமீன்தார்களும் இங்கே வேட்டையாடி மகிழ்ந்தார்களாம். எப்படியிருந்தாலும், வேடனுடைய பெயரைச் சுமந்துகொண்டிருக்கும் ஊரே வேட்டையை ஒழித்துப் பறவைகளுக்கு அபயம் அளித்த ஊராக ஆயிற்று என்பது நினைத்துச் சந்தோஷப்பட வேண்டிய விஷயம்.

சென்னையிலிருந்து வேடந்தாங்கல் சுமார் 75 கிலோமீட்டர். திருச்சி நெடுஞ்சாலையில் தெற்கே சென்று, செங்கற்பட்டில் கொளவாய் ஏரியைத் தரிசித்து, பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி, படாளத்தில் மேற்குப் பக்கம் திரும்ப வேண்டும். அதற்கப்புறம் இரு பக்கமும் நெல் வயல்கள், பனை மரங்கள், நடுநடுவே சிறு ஏரிகள். நாம் போயிருந்தது தை மாதத்தில். வயல்களில் கதிர் முற்றிக்கொண்டிருந்தது.

வேடந்தாங்கல் ஏரி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடுகிறது. காதுக்குச் சற்றுப் பின்னால் மூக்குக்கும் தெரிகிறது என்பதை மறைப்பதற்கில்லை. கரைமேல் ஏறி நின்றால் முதலில் ஒன்றுமே புரிவதில்லை. தண்ணீருக்குள் இடுப்பளவு இறங்கி நிற்கும் நீர்க்கடம்ப மரங்கள். அவற்றின்மேல் எங்கு பார்த்தாலும் வெள்ளைப் பூ. பூ அசைகிறது, பறக்கிறது, சண்டை போடுகிறது! ஒவ்வொரு மரமும் ஒரு நகரம். ஒவ்வொரு கிளையும் ஒரு தெரு. திருவல்லிக்கேணியில் வீடு கிடைத்தாலும் கிடைக்கும், இந்த மரங்களில் தை மாதத்தில் குடக்கூலிக்கு ஒரு கிளை கிடைக்காது.

கரையில் நம் பக்கத்தில் ஒரு கனவான் குடும்ப சகிதமாக நின்றுகொண்டிருந்தார். அவர் ஒரு பெரிய நாரையைச் சுட்டிக்காட்டித் தம் குழந்தைகளிடம், "அதோ பாருங்கள், சைபீரியாவிலிருந்து வந்திருக்கிறது!" என்றார். குழந்தைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தன. வேடந்தாங்கலுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் இவ்வாறே நினைக்கிறார்கள். எங்கேயோ உள்ள வெளிநாட்டுப் பறவைகள் கடல் கடந்து வந்து இங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன என்பது அவர்களுடைய எண்ணம். வெளிநாட்டுச் சரக்கு என்றால்தான் நமக்கு மதிப்பு. அது பறவை விஷயத்திலும் போகவில்லை.

உண்மை இதற்கு நேர் விரோதமானது. வேடந்தாங்கல் மரங்களில் கூடு கட்டுகிறவை அத்தனையும் நம் நாட்டுப் பறவைகள். அந்தக் கனவான் காட்டிய நாரைக்கு மஞ்சள் மூக்கு நாரை என்று பெயர். வெள்ளை உடம்பு, மார்பில் கறுப்புப் பட்டை, முதுகின் பின்புறத்தில் யாரோ குங்குமத்தைக் கரைத்துத் தெளித்தாற்போல் இளஞ்சிவப்பு. பிறந்தது, வளர்ந்தது எல்லாம் பாரத தேசத்து ஏரிகளிலேதான். வெயில் ஏறுகிற நேரத்தில் தாய் நாரை கூட்டின் விளிம்பில் நின்றுகொண்டு இரண்டு சிறகுகளையும் விரித்துக் குஞ்சுகளுக்குக் குடை பிடிக்கிறது. அந்தக் காட்சியை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

அதற்கு அடுத்த வீட்டில் நத்தை குத்தி நாரை. இதன் அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். இந்தக் குறை இருக்கிறதே, இதுவே அதற்குப் பிழைப்பு. வயற்சேற்றில் நத்தையைப் பிடித்து, ஓட்டுக்குள் அலகின் நுனியைச் செலுத்தி, தசையை அறுத்து, சதையை லாவகமாக உருவிவிடுகிறது. கூழைக்கடா என்னும் பெரும் பறவை சிறகை விரித்தால் ஏழெட்டு அடி இருக்கும். தாடைக்குக் கீழே தோலினால் ஒரு பை. குஞ்சு பசியெடுத்தால் தாயின் வாய்க்குள்ளே தலையையும் கழுத்தையும் நுழைத்து, உள்ளேயே இலை போட்டுச் சாப்பிடுகிறது. கரண்டிவாயன் தன் அலகைத் தண்ணீரில் இப்படியும் அப்படியும் துழாவி இரை தேடும். பாம்புத்தாரா உடம்பை நீரில் மறைத்துக் கழுத்தை மட்டும் நீட்டி நீந்தும்போது பார்த்தால், அந்தப் பெயர் வைத்தவனைப் பாராட்டாமல் இருக்க முடியாது. இவற்றோடு வெள்ளை அரிவாள் மூக்கன், சாம்பல் நாரை, நீர்க்காகம், பல ஜாதிக் கொக்குகள் ஆகியவையும் உண்டு. மழைக்குப் பின் ஏரியில் நீர் நிறைந்ததும் இவை வரத் தொடங்கும். பங்குனி சித்திரைக்குள் குஞ்சுகளைப் பறக்கப் பழக்கி, வெவ்வேறு ஏரிகளுக்கும் ஆற்று முகங்களுக்கும் பிரிந்து போய்விடும். இவையே வேடந்தாங்கலின் வீட்டார்.

வெளிநாட்டு விருந்தாளிகள் இல்லாமற் போகவில்லை. அவர்கள் மரத்தில் ஏறுவதில்லை. தண்ணீரில் அடக்கமாக மிதந்துகொண்டிருக்கிறார்கள். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் முதலிய வாத்துகளே அவை. நீலச்சிறகியின் எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. அந்தச் சிறு உடம்பை வைத்துக்கொண்டு வடக்கு ஆசியாவின் பனி வெளிகளிலிருந்து மலைகளையும் பாலைவனங்களையும் கடந்து வருகின்றன. ஆனால் அவை இங்கே கூடு கட்டுவதில்லை, முட்டையிடுவதில்லை. பகலெல்லாம் தூங்கி, இரவில் வயல்களுக்குப் போய் மேய்ந்து, வேனில் ஆரம்பித்ததும் மூட்டை கட்டிக்கொண்டு தங்கள் ஊருக்குத் திரும்பி அங்கேதான் குடும்பம் நடத்துகின்றன. விருந்தாளிக்கு இதைவிட நல்ல லட்சணம் வேறென்ன வேண்டும்? கரையோரச் சேற்றில் குடுகுடுவென்று ஓடும் உள்ளானும், வாலை ஆட்டிக்கொண்டே நடக்கும் வாலாட்டியும் இந்த விருந்தாளி வர்க்கத்தைச் சேர்ந்தவையே. இவை வந்து போகும் வானப் பாதைக்கு மத்திய ஆசியப் பறவைப் பாதை என்று இப்போது பெயர் கொடுத்திருக்கிறார்கள். 30 தேசங்களின் மீது அது செல்கிறது.

பறவைகள் பருவத்துக்குப் பருவம் இடம் மாறுகின்றன என்பது தமிழர்களுக்குப் புதிய செய்தியன்று. வறுமையில் வாடிய சத்திமுற்றப் புலவர், ஊரில் இருக்கும் மனைவிக்கு நாரையைத் தூதுவிட்ட பாட்டைக் கேளாதவர்கள் நம்மில் குறைவு. நாரைகள் தெற்கே குமரித்துறைக்குப் போய்ப் பிறகு வடதிசைக்குத் திரும்பும் என்பது அந்தப் புலவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. இல்லாவிட்டால் வழியிலுள்ள தம் ஊரில் இறங்கிச் செய்தி சொல்லும்படி கேட்டிருப்பாரா?

ஏரிக்கரையில் ஒரு பெரியவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த ஊர்க் குடியானவர். நமக்கு வெகு நேரமாக ஒரு சந்தேகம். ஆகையால் அவரிடம், "பெரியவரே! இத்தனை ஆயிரம் பறவைக்கும் இந்த ஏரியிலே மீன் எப்படிப் போதும்?" என்று கேட்டோம்.

பெரியவர் சிரித்தார். "எப்படிங்க போதும்? ஒரு வாரம் தாங்காது. இது சோறு போடுற இடம் இல்லீங்க. தொட்டில் கட்டுற இடம். சாப்பாட்டுக்கு அதுங்க ஊர் ஊராப் போகும். விடிஞ்சா கிளம்பும், பொழுது சாய வந்து சேரும். நாம வேலைக்குப் போயிட்டு வர்ற மாதிரிதானுங்க" என்றார்.

இந்த ஒரு வார்த்தையில் வேடந்தாங்கலின் இரகசியம் முழுவதும் அடங்கியிருக்கிறது. மரம் தண்ணீரில் நிற்பதால் கூட்டைச் சுற்றி இயற்கையே ஓர் அகழி வெட்டி வைத்தாற்போல் ஆகிறது. நரியோ காட்டுப் பூனையோ குஞ்சுகளை நெருங்க முடியாது. ஆகவே தொட்டில் இங்கே. ஆனால் குஞ்சின் வாயில் விழுகிற மீனும் நத்தையும் தவளையும், சுற்றுப்புறத்திலுள்ள எத்தனையோ ஏரிகளிலிருந்தும் வயல்களிலிருந்தும் வருகின்றன. சில மைல் தூரத்திலுள்ள கரிக்கிலி ஏரியும் 1989-ஆம் ஆண்டு முதல் சரணாலயந்தான். அங்கே ஆழமில்லாத திறந்த நீர்ப்பரப்பு இருப்பதால் வாத்துகளுக்கு அதன்மேல் பிரியம் அதிகம். இப்படி ஏரிக்கு ஏரி உறவு இருக்கிறது. ஒன்றை மட்டும் தனியே எடுத்து வேலி போட்டுக் காப்பாற்றிவிடலாம் என்று நினைப்பது, பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தூங்க இடம் கொடுத்துவிட்டுச் சமையலறையைப் பூட்டி வைப்பதற்கு ஒப்பாகும்.

இந்தப் பறவைகளால் ஊருக்கு என்ன லாபம்? பல்லாயிரம் பறவைகளின் எச்சம் நாள்தோறும் தண்ணீரில் விழுகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் கரைந்த அந்த நீர் மதகு வழியாக ஆயக்கட்டு வயல்களில் பாய்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் கடையில் காசு கொடுத்து வாங்குகிற உரம், இந்த ஊர்க்காரர்களுக்கு ஆகாயத்திலிருந்து இறங்குகிறது. சற்று முன் மூக்கைப் பற்றிக் குறை சொன்னோமல்லவா? அந்த வாசனையின் பலனை வயலில் போய்ப் பார்த்தால் குறை சொல்லத் தோன்றாது.

இதை ஊரார் எப்போது கண்டுகொண்டார்கள் என்பதற்குச் சரித்திர ஆதாரம் ஒன்று இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் செங்கற்பட்டுப் பிரதேசம் கும்பினியாரின் ஜாகீராக இருந்தது. அப்போது வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பொழுதுபோக்குக்காக வேடந்தாங்கலுக்கு வந்து நாரைகளைச் சுட்டார்கள். ஊரார் கொதித்தெழுந்து கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ் என்னும் துரை. நேயர்களில் பலருக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். மதுராந்தகம் ஏரி ஒரு பெருமழையில் உடையும் தறுவாயில் இருந்தபோது, இராம லக்ஷ்மணர்கள் வில்லும் கையுமாகக் கரையில் நின்று காவல் புரிந்ததைக் கண்டார் என்று ஏரி காத்த ராமர் கோயிலில் சொல்லப்படுகிறதே, அதே துரைதான். அவர் வேடந்தாங்கல் ஊராருக்குக் 'கவுல்' என்னும் உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அதன்படி ஏரியிலுள்ள பறவைகளை யாரும் கொல்லாமல் காக்கும் உரிமை ஊராருக்குக் கிடைத்தது. இது நடந்தது 1798-இல் என்பர். பெரிய ஏரியை ராமர் காத்தார். சின்ன ஏரியை ஊராரே காத்துக்கொண்டார்கள்.

கும்பினி ராஜ்யத்தில் கலெக்டர் கச்சேரிக்குப் போன குடியானவன் என்ன கேட்பான்? வரி தள்ளுபடி கேட்பான். வாய்க்கால் தகராறைத் தீர்க்கச் சொல்வான். இவர்களோ, துப்பாக்கி பிடித்த சிப்பாய்க்கு எதிராக, வாயில்லாத நாரையின் கட்சி பேசப் போனார்கள். அவர்களுடைய வயலின் நன்மையும் அதில் கலந்திருந்தது என்று சிலர் சொல்லலாம். கலந்திருக்கட்டுமே! தன் வயலும் பிழைத்து, பறவையும் பிழைக்கிற வழியைக் கண்டுபிடிப்பதுதானே புத்திசாலித்தனம்? அந்த உறுதியை ஊரார் மறந்துவிடவும் இல்லை. 1858-இல் மறுபடியும் கலெக்டரிடம் சென்று புது உத்தரவு வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

சர்க்கார் இதற்கெல்லாம் வெகு பின்னால் வந்து சேர்ந்தது. 1936-இல் வேடந்தாங்கல் சரணாலயமாக அங்கீகாரம் பெற்றது. சுதந்திரம் வந்த பிறகு, 1962-இல் வனச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்புக் கிடைத்தது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1998-இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரையிலுள்ள பிரதேசம் முழுவதும் சரணாலயம் என்று அறிவிக்கப்பட்டது. 2022-இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈர நிலங்களின் ஜாபிதாவில் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் இடம் பெற்றன. குடியானவர்கள் செய்த காரியத்துக்கு உலகத்தார் முத்திரை போட இருநூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று!

இங்கேதான் நேயர்கள் சற்று நிதானித்து ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். ஏரியின் பரப்பு 30 ஹெக்டேர் என்றோம். 5 கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டால் ஏறக்குறைய 7,850 ஹெக்டேர் ஆகிறது. அதாவது ஏரியைப் போல் 260 மடங்கு. "பறவை இருப்பது ஏரியில், வயலும் கிராமமும் அடங்கிய இத்தனை நிலம் சரணாலயத்துக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. 2020-ஆம் ஆண்டில் அந்த 5 கிலோமீட்டரை 3 கிலோமீட்டராகக் குறைக்கலாம் என்று ஒரு யோசனை கிளம்பியது. ஊராரும் பறவை அன்பர்களும் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். ஐந்துக்கு மூன்று என்றால் பாதிக்கு மேல் மிஞ்சுகிறதே என்று தோன்றும். ஆனால் வட்டத்தின் கணக்கு வேறு. 25 பங்கில் 9 பங்குதான் மிஞ்சும். 16 பங்கு போய்விடும்.

போகிற நிலத்தில் இருப்பது என்ன? கூடுகள் அல்ல, இரைதான். நத்தை குத்தி நாரைக்கு நத்தை கிடைக்கும் நெல் வயலும், கொக்குக்குத் தவளை கிடைக்கும் வாய்க்காலும், குஞ்சுக்கு முதல் இரை தேடிக் கொடுக்கும் சிறு தாங்கல்களும் அங்கே இருக்கின்றன. வேடந்தாங்கலுக்கு மழை நீரைக் கொண்டு வரும் வரத்துக் கால்வாய்களும் சுற்றுப்புற நிலத்தின் வழியாகவே வர வேண்டும். வரத்துக் கால்வாய் அடைபட்டால் ஏரி நிரம்பாது. ஏரி நிரம்பாவிட்டால் அகழி இல்லை. அகழி இல்லாவிட்டால் கூடு இல்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் நாரைகள் வானத்திலேயே வட்டமிட்டுப் பார்த்து விட்டு வேறிடம் போய்விடுகின்றன என்பது ஊராருக்குத் தெரிந்த செய்தி. அவற்றைத் தாக்கீது அனுப்பி வரவழைக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது.

ஊரார் மனம் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேடந்தாங்கல் மட்டும் சாட்சியல்ல. சிவகங்கைச் சீமையில் கொள்ளுகுடிப்பட்டி என்று ஓர் ஊர் உண்டு. அங்குள்ள வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகள் மிரளக் கூடாதென்று அவ்வூர்க் குழந்தைகள் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. திருநெல்வேலிப் பக்கத்தில் கூந்தன்குளத்திலும், மைசூர்ப் பிரதேசத்தில் மண்டியா ஜில்லாவைச் சேர்ந்த கொக்கரே பெள்ளூரிலும் கூழைக்கடாக்கள் வீட்டுக்கு நடுவே நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. முற்றத்தில் எச்சம் விழுகிறதே என்று யாரும் கல்லெடுப்பதில்லை. சட்டம் செய்வது அவசியந்தான். ஆனால் சட்டம் பிறப்பதற்கு முன்பே பறவைகளைப் பிழைக்க வைத்தது இந்த ஜனங்களின் நல்ல மனமே.

அந்திப் பொழுதில் வேடந்தாங்கலைப் பார்க்காமல் திரும்பி வருவது, கச்சேரிக்குப் போய் மங்களத்துக்கு முன் எழுந்து வருவது போலாகும். சூரியன் பனைகளுக்குப் பின்னால் இறங்கியதும் நாலா திசையிலிருந்தும் பறவைகள் திரும்புகின்றன. முதலில் வானத்தின் ஓரத்தில் மையால் இழுத்த கோடு மாதிரி தெரியும். கோடு நெருங்க நெருங்கக் கொக்காகிறது, நாரையாகிறது, அரிவாள் மூக்கனாகிறது. கூட்டில் குஞ்சுகள் போடும் கூச்சல் சொல்லி முடியாது. அதே சமயத்தில், பகலெல்லாம் இலை மறைவில் தூங்கி வழிந்த வக்கா என்னும் இராக்கொக்குகள் சோம்பல் முறித்துக்கொண்டு இரை தேடப் புறப்படுகின்றன. ஆலையில் பகல் வேலைக்காரர்கள் வெளியே வரும்போது இரவு வேலைக்காரர்கள் உள்ளே போவது போல, ஒரு கூட்டம் இறங்க மற்றொரு கூட்டம் எழும்புகிறது. இத்தனை நெரிசலிலும் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதில்லை.

போக விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மார்கழி, தை, மாசி மாதங்களே நல்ல பருவம். விடியற்காலையில் போக வேண்டும். அல்லது மாலை நாலு மணிக்கு மேல் போக வேண்டும். தூரத்துப் பொருளைக் கிட்டக் காட்டும் பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பளபளக்கும் ஆடைகளையும், பாட்டுப் பெட்டிகளையும், உரத்த குரலையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். தொட்டில் கட்டியிருக்கும் வீட்டுக்குப் போகிறவர்கள் எப்படி நடந்துகொள்வார்களோ அப்படி நடந்துகொண்டால் போதும்.

திரும்பி வரும்போது வழியிலுள்ள ஏரிகளையும் தாங்கல்களையும் பார்த்துக்கொண்டே வாருங்கள். சிலவற்றில் நீர் இருக்கும். சிலவற்றில் மண் மேடிட்டிருக்கும். சிலவற்றின் ஓரத்தில் மனை விற்பனைக்கு என்று பலகை நட்டிருக்கும். நீருள்ள ஏதாவது ஒன்றில் ஒரு நாரை தனியே நின்றுகொண்டிருப்பதையும் காண்பீர்கள். அது அங்கே சும்மா நிற்கவில்லை. வேடந்தாங்கலில் பிள்ளைகளை விட்டுவிட்டு இரை தேட வந்திருக்கிறது.